மூன்றாம் மாடியின் சூடு

குளிர்காலச் செலவுக் கணக்கில் "வீட்டைச் சூடாக்க" என்ற வரிக்கு எதிரே ருமென் ஒரு பெரிய பூஜ்யம் போட்டார். போட்டுவிட்டுச் சட்டைக் கையை முழங்கைவரை சுருட்டிக்கொண்டார். ஜன்னலுக்கு வெளியே சோபியா நகரம் உறைந்து கிடந்தது.

கட்டணம் மறுபடி ஏறியதிலிருந்து அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் யாரைப் பார்த்தாலும் அதே புலம்பல்தான். நகரக் குழாயில் வரும் வெந்நீர்தான் எல்லா வீட்டு ரேடியேட்டரையும் சூடாக்குகிறது. திறந்து வைத்தால் பில் எகிறும், மூடினால் கட்டடத்தின் பொதுப் பங்கு மட்டும்தான். அந்தப் பங்கை ருமென் குப்பை அள்ளும் கட்டணத்தோடு சேர்த்து எழுதிவிட்டார், பூஜ்யம் அழகாக இருக்க வேண்டும் அல்லவா? டிராம் பணிமனையில் ஆயுள் முழுக்கக் கணக்கு எழுதியவர்.

போன குளிர்காலமே அவர் எல்லா ரேடியேட்டரையும் இறுக மூடிவிட்டார். ஆனாலும் அந்த நான்காம் மாடி வீடு கதகதப்பாகவே இருந்தது. காரணம், நேர் கீழே மூன்றாம் மாடியில் தனியாக வசிக்கும் பெரியவர் தோதோர். வயதானவருக்குக் குளிர் தாங்காது, அவர் வீட்டுச் சூடு கூரை வழியே ஏறி இவர்கள் தரைக்கு வந்துவிடும்.

ருமெனின் மனைவி பென்காவுக்கு இது உறுத்தாமல் இல்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பனித்சாவில் ஒரு துண்டைக் கீழே கொண்டுபோய்க் கொடுப்பாள். தோதோர் மெல்லிய சட்டையோடு வந்து கதவைத் திறப்பார். அந்தச் சட்டையைப் பார்த்துவிட்டு அவள் நிம்மதியாகப் படியேறுவாள்.

மிச்சம் பிடிப்பதெல்லாம் அவள் கண்ணுக்காகத்தான். வலது கண்ணில் புரை முற்றிவிட்டது, மார்ச் மாதம் அறுவைக்கு நாள் குறித்தாகிவிட்டது. லென்ஸுக்கான காசை மட்டும் அவர்களே கட்ட வேண்டும்.

அந்த வாரம் இரண்டாம் மாடி ரலிட்சா வீட்டைக் காலி செய்தாள். புருஷன் விட்டுப்போய், இரண்டு வயதுப் பிள்ளையோடு தனியாக இருந்த பெண். பிள்ளைக்கு நெஞ்சுச் சளி என்று ராப்பகலாக ரேடியேட்டரைத் திறந்தே வைத்திருந்தாளாம். பில் கட்டி மாளவில்லை, அம்மா வீட்டுக்கே போகிறேன் என்றாள்.

தொட்டிலைக் கீழே இறக்க ருமென்தான் கைகொடுத்தார். கூடவே சிக்கனத்தைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொன்னார். அவள் சரி சரி என்று கேட்டுக்கொண்டு வண்டியில் ஏறினாள்.

"பாவம்," என்றாள் பென்கா.

"கணக்குப் போட்டு வாழத் தெரியலைன்னா இப்படித்தான்," என்றார் ருமென்.

இரண்டு நாள் கழித்துக் காலையில் எழுந்து தரையில் கால் வைத்தபோது சில்லென்றது. மத்தியானம் காலுறை போட்டார்கள், சாயங்காலம் கோட்டு. மறுநாள் வீட்டுக்குள்ளேயே வாயைத் திறந்தால் புகை வந்தது.

பென்காவின் விரல்கள் மரத்துவிட்டன. தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கீழே பெரியவருக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்ற பயம் இரண்டு பேருக்குமே இருந்தது. ருமென் தரையில் காதை வைத்துக் கேட்டார். ரேடியோ பாடியது, இருமலும் கேட்டது.

"உயிரோடதான் இருக்காரு. ரேடியேட்டரைத்தான் மூடிட்டாரு."

மறுபடி பேனாவை எடுத்தார். சொந்த ரேடியேட்டரைத் திறந்தால் லென்ஸ் காசு அதிலேயே கரைந்துவிடும், மார்ச்சில் அறுவை கிடையாது. பெரியவரின் பில்லில் பாதியைக் கொடுத்து அவரைத் திறக்கச் சொன்னால் சூடும் வரும், கண்ணும் தப்பும். கணக்கில் இறைச்சியை அடித்தார், மருமகள் பிறந்தநாளை அடித்தார், அந்தப் பாதியை அங்கே எழுதினார்.

வெட்கமாக இருந்ததா என்றால், இல்லை. அதுவும் மரத்துப் போயிருந்தது.

உறையில் பணத்தை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் கீழே இறங்கினார்கள். தோதோர் கோட்டின் மேல் போர்வையைச் சுற்றிக்கொண்டு வந்து கதவைத் திறந்தார். என்ன விஷயம் என்று கேட்கவில்லை, இவர்கள் கோட்டையும் காலுறையையும் மட்டும் பார்த்தார்.

ருமென் வழியில் யோசித்து வைத்திருந்த முன்னுரையெல்லாம் மறந்துபோயிற்று.

"ஐயா, தப்பா எடுத்துக்காதீங்க. போன வருஷத்துலேருந்து உங்க வீட்டுச் சூட்டுலதான் நாங்க குளிர் காயறோம். பில்லு உங்களுக்கு ரொம்ப ஏறிடுச்சுன்னு புரியுது. பாதியை நாங்க தர்றோம். மறுபடி திறந்து வைங்க."

"என் கண்ணு ஆபரேஷன் வரைக்குமாவது, ஐயா," என்றாள் பென்கா.

தோதோர் உறையை வாங்கவில்லை. பென்காவின் வெளுத்த கண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குனிந்து தன் காலடித் தரையைப் பார்த்தார். செருப்புக் காலால் அதை மெதுவாக ஒரு தட்டுத் தட்டினார்.

"நான் மூடி ரெண்டு குளிர்காலம் ஆச்சு, தம்பி."