லீவு நாள்

அந்த செல்போன் ரிப்பேர் கடை ஒரகடத்திலா, படப்பையிலா என்பது சரியாக நினைவில்லை. லீவு நாளில் கம்பெனிக்குப் போய் மிஷினில் சிக்கி இறந்த சுடலையின் போனைத் திறக்க முடியவில்லை. அதன் பேக்கப் இருந்த லேப்டாப்போடு, அவன் மனைவி வேல்விழியை அழைத்து வந்திருந்தான் அறைத்தோழன் மாரிராஜ்.

“லீவுன்னுதான போன்ல சொன்னாரு. ஏன் போனாருன்னு தெரியாம கண்ணு மூட முடியல, தம்பி,” என்றாள் அவனிடம்.

கடைக்காரர் பாலாஜி ஒவ்வொரு கோப்பாகத் திறந்தார். “அன்னிக்குக் காலைல ஒரு வாய்ஸ் வந்துகீது அக்கா. போடவா?”

“போடுங்க.”

“அண்ணே, ஊர்ல இன்னொரு நாள் இருந்துட்டு வாரேன். என் ஷிப்ட நீங்க பாத்துக்கிடுங்க.”

மாரிராஜின் குரல்.

அவன் வேல்விழியின் பக்கம் திரும்பினான்.

“வாயால சொல்ல முடியல, மதினி. அதான் கூட்டிட்டு வந்தேன்.”

வேல்விழி மறுநாள் ஊருக்குத் திரும்பினாள். பிறகு அவனோடு பேசவே இல்லை. பாலாஜி இன்னும் கடை வைத்திருக்கிறார். மாரிராஜ் அதே மிஷினில் வேலை செய்கிறான்.