மைப்பொட்டு

“இந்த முறையாவது படத்தில தலை விழுமா தம்பி?”

இரத்தினம்மாவின் கேள்வியில் கிண்டல் இல்லை, பயம்தான் இருந்தது. ஆனாலும் நல்லரத்தினத்துக்குச் சுருக்கென்று தைத்தது. முதல் பிலிம் சுருளை வெயிலில் திறந்து பார்த்துப் பாழாக்கியதும், இரண்டாவது சுருளில் அக்கம்பக்கத்தில் பாதிப் பேரைக் கழுத்தோடு வெட்டி எடுத்ததும் அகதிகள் தங்கியிருந்த பள்ளிக்கூடம் வரைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது போலும்.

“விழும் அக்கா. பிழை எங்க எண்டு கண்டுபுடிச்சிட்டன். இஞ்ச பாருங்க, இதுக்கு ரெண்டு கண். மேல் கண்ணால நான் பாக்கிறன், கீழ்க் கண்தான் படம் புடிக்குது. கிட்டப் போனா ரெண்டும் ஒண்டையே பாக்காது. தலைக்கு மேல கொஞ்சம் வெளி விட்டு எடுத்தாச் சரி.”

“மறுகா என்ன, எடு.”

கமரா அவனுடையது அல்ல. ஸ்டூடியோ வைத்திருந்த மச்சான், சண்டை மூண்டதும் கொழும்புக்கு ஓடும்போது விட்டுவிட்டுப் போன பழைய பெட்டி. அரிசி ஆலையில் மூட்டை தூக்கித் தடித்த விரல்களுக்கு அதன் பொடிப்பொடித் திருகாணிகள் லேசில் பிடிபடவில்லை. ஆலை மூடிக் கிடந்ததால், பழகுவதற்கு நேரம் மட்டும் தாராளமாக இருந்தது.

டவுனில் நல்ல ஸ்டூடியோக்கள் இருந்தன. ஆனால் அடையாள அட்டை இல்லாத பொடியன் கல்லடிப் பாலத்து இராணுவச் சென்றியைத் தாண்ட முடியாது. அட்டைக்குப் படம் வேண்டும், படத்துக்குப் பாலம் தாண்ட வேண்டும். அதனால்தான் படுவான்கரையிலிருந்து வாவி கடந்து அகதியாக வந்த இரத்தினம்மா, மகன் புவியையும் கூட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்று, “ஒரு படம் வேணும் தம்பி, அது இல்லாட்டி ஒண்டும் நடக்காதாம்” என்றபோது, நல்லரத்தினம் எதற்கென்று கேட்கவில்லை. அதைக் கேட்டுத்தானா தெரிய வேண்டும்?

மூன்றாவது சுருளில் ஒரே ஒரு படம்தான் மிச்சம் இருந்தது. அடுத்த சுருள் எப்போது கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாது.

கொடிக்கயிற்றில் வெள்ளை வேட்டியை விரித்துப் போட்டு, அதற்கு முன்னால் புவியை முக்காலியில் இருத்தினான்.

“சேட்டு தோளால வழியுதே. என்ட ஒண்டு தரவா?”

“வேணாம் தம்பி. இதுதான் சரி.”

இரத்தினம்மா கையை நனைத்து மகனின் தலைமுடியை வலப்பக்கமாகப் படிய வாரினாள். பிறகு மடியிலிருந்த மைச்சிமிழை எடுத்து, அவனுடைய பூனைமயிர் மீசைமேல் விரலால் இழுத்துவிட்டாள்.

“மீசை எதுக்கு அக்கா? வயசக் கூட்டிக் காட்டாதீங்க. இந்தக் காலத்தில பொடியன் சின்னவனாத் தெரிஞ்சாத்தான் சுகம்.”

“நீ கமராவப் பாரு தம்பி.”

இடக்கன்னத்தில் உதட்டுக்குக் கிட்ட ஒரு பொட்டும் வைத்தாள். நல்லரத்தினத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“பதினேழு வயசு இளந்தாரிக்கு நாவூறு பொட்டா? சென்றியில நிக்கிறவன் இவன்ட வடிவப் பாத்துக் கண் வச்சிருவானெண்டு பயமாக்கும்.”

தாயும் சிரிக்கவில்லை, மகனும் சிரிக்கவில்லை. நல்லரத்தினம் குனிந்து, கமராவின் மேல் மூடியைத் திறந்தான். இரத்தினம்மாவும் அவன் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

“இதென்ன, பொட்டு மற்றக் கன்னத்தில கிடக்கு?”

“இந்தக் கண்ணாடியில எல்லாம் பக்கம் மாறித்தான் தெரியும். படத்தில சரியா விழும்.”

“நிச்சயமா?”

“நிச்சயம் அக்கா. நாவூறுக்கு எந்தக் கன்னமெண்டா என்ன?”

“இல்ல. இடக்கன்னத்திலதான் இருக்கோணும்.” அவள் மகன் பக்கம் திரும்பினாள். “சிரி மனே.”

“அட்டைப் படத்துக்குச் சிரிக்கப்படாது. திருப்பி அனுப்பிருவாங்க.”

“சிரிக்கட்டும் தம்பி.”

புவி தாயைப் பார்த்தான். “இப்பிடியாம்மா?”

“இன்னும் கொஞ்சம். கண்ணும் சிரிக்கோணும்.”

அவன் எப்படியோ சிரித்தான். நல்லரத்தினம் கமராவை ஒரு விரற்கடை உயர்த்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, விசையை மெல்ல அமர்த்தினான்.

பாலம் தாண்டிப் போய்ப் படம் கழுவக் கொடுத்துவிட்டு வந்தவன் நாலு நாள் தூங்கவில்லை. ஐந்தாம் நாள் போய் வாங்கிப் பார்த்தபோது தலை தப்பியிருந்தது. கண்ணிமை மயிர்கூட எண்ணலாம்போல அத்தனை தெளிவு. திரும்பும் வழியில் சென்றியில் நின்றவன் உறையைப் பிரித்து, படத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். நல்லரத்தினம் நேராகப் பள்ளிக்கூடத்துக்கு நடந்தான். தன் கையால் ஒரு பொடியனுக்கு விடிவு வந்துவிட்டது என்று நெஞ்சு நிமிர்ந்திருந்தது.

இரத்தினம்மா கையைச் சேலையில் துடைத்துவிட்டுப் படத்தை வாங்கினாள். இடக்கன்னத்துப் பொட்டை விரலால் தொட்டுப் பார்த்தாள். புவி வந்து எட்டிப் பார்த்தான்.

“சரியாக் கிடக்காம்மா?”

“சரியாக் கிடக்கு மனே.” அவள் நல்லரத்தினத்தின் பக்கம் திரும்பினாள். “தம்பி, உன்ட கைக்கு ஒரு குறையும் வராது.”

நல்லரத்தினத்துக்கு வெட்கமாகப் போயிற்று. பேனையை எடுத்தான்.

“பின்னால பேரெழுதித் தாறன், அட்டை குடுக்கிற கந்தோரில மாறிப் போகாது. புவனேந்திரன்தானே?”

“இல்ல தம்பி, அழகரத்தினம் எண்டு எழுது. இவனுக்கு மூத்தவன், அவனப் போன ஆவணியில புடிச்சிக்கிட்டுப் போயிட்டாங்க. படம் கொண்டு வந்தாத்தான் தேடலாமெண்டு சொல்றாங்க. வீட்டோட எல்லாப் படமும் எரிஞ்சி போச்சி, அவன்ட முகம் இப்ப இவனிட்ட மட்டுந்தான் மிச்சம் கிடக்கு.”