மாப்பிள்ளையை ஒதுக்க அறுபது விநாடி

சாப்பாட்டு மேசைமேல் மல்லாந்து படுத்திருக்கிறேன். சட்டையில் நான்கு துணிக் கிளிப்புகள். அவை வயிற்றில் போட்ட துளைகளாம்.

எனக்கு மேலே துணி காயப்போடும் ஸ்டாண்ட் நான்கு கைகளை விரித்துக்கொண்டு நிற்கிறது. மூன்று கைகளில் கரண்டி. நான்காவதில் டார்ச் லைட், அது கேமரா.

மூலையில் என் மாமியார் அட்டைப்பெட்டிக்குள் தலையை விட்டு உட்கார்ந்திருக்கிறார். அவர்தான் டாக்டர்.

என் மனைவி ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். பத்தொன்பது வருஷமாக, டாக்டர் கையை நீட்டுமுன்பே உள்ளங்கையில் கத்தரியை வைத்துப் பழகியவள்.

போன மாதம் ஆஸ்பத்திரிக்கு ரோபோ வந்தது. இப்போது டாக்டர் மூலையில் ஒரு பெட்டிக்குள் முகத்தை நுழைத்துக்கொண்டு அங்கிருந்தே அதை ஆட்டுவிக்கிறார். நீட்ட ஒரு கை கிடையாது. நோயாளியின் பக்கத்தில் ரோபோவும் இவளும்தான்.

நர்சுகள் அதற்கு வைத்த பெயர் மாப்பிள்ளை. உடை மாட்டிவிட இரண்டு பேர் வேண்டும். ஏ.சி. குறையக் கூடாது. யாரும் குறுக்கே போகக் கூடாது. தானாக ஒரு துரும்பையும் நகர்த்தாது.

உள்ளே ரத்தம் பீறிட்டால் டாக்டர் ஓடிவந்து தன் கையை வைக்க வேண்டும். அதற்குள் நர்ஸ் கருவிகளை உருவி, நான்கு கைகளையும் கழற்றி, மாப்பிள்ளையை ஒதுக்கியிருக்க வேண்டும். அறுபது விநாடிக்குள்.

பொம்மை நோயாளியை வைத்து நடந்த பரீட்சையில் முதல் தடவை எழுபத்தைந்து. இரண்டாம் தடவை அறுபத்தெட்டு. மூன்றாவதுதான் கடைசி. அதிலும் தவறினால் தியேட்டரை விட்டு வெளியே வந்து, வரிசையில் நிற்பவர்களுக்கு டோக்கன் எழுத வேண்டியதுதான்.

இரண்டாம் தடவை தவறிய அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. மறுநாள் சாயங்காலம் என்னை மேசைமேல் ஏறச் சொன்னாள்.

ஸ்டாப்வாட்ச் நோயாளியின் கையில். சாவி கொடுக்கும் பழைய வகை. என் கடையிலிருந்து கொண்டுவந்தது. கடிகாரம் பழுது பார்ப்பவன் பெண்டாட்டி கைப்பேசியில் நேரம் பார்க்கலாமா?

முதல் நாள், ஆரம்பிப்பதற்கு முன் என் மணிக்கட்டைப் பிடித்து, அந்த ஸ்டாப்வாட்சைப் பார்த்து ஒரு நிமிஷம் நாடி எண்ணினாள். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள்.

“நோயாளிக்கு ஒண்ணும் ஆகாது. கல்லுளிமங்கன்” என்றாள்.

அன்று தொண்ணூற்றொன்று. அடுத்த வாரம் எழுபத்தாறு. அப்புறம் எழுபது. மூன்று வாரத்தில் என் சட்டைகளில் பாதிக்குப் பொத்தான் இல்லை.

இன்று வியாழக்கிழமை. நாளைக் காலை பரீட்சை.

பெட்டிக்குள்ளிருந்து மாமியார் அலறினார். “ரத்தம்! ரத்தம்! அந்த மாப்பிள்ளைய நகத்துடி, இந்த மாப்பிள்ளைக்கு மூச்சு முட்டுது!”

கரண்டிகள் பறந்தன. டார்ச் போனது. கிளிப்புகள் போயின. ஸ்டாண்ட் சுவரில் போய் இடித்தது.

“அறுபத்திரண்டு” என்றேன்.

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். “இன்னொரு தடவை படுங்க.”

மறுநாள் மதியம் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தாள்.

“நாப்பத்தொம்பது!”

மாமியார் அவள் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார். நான் மேசையைச் சுற்றி ஒரு ஆட்டம் போட்டேன். எனக்கு வரும் ஆட்டம் அது ஒன்றுதான்.

“வீட்டுல ஒரு நாள்கூட அறுபதுக்குள்ள வரலையேங்க” என்றாள் அவள்.

“ஆஸ்பத்திரியில ஏ.சி. இருக்குல்ல” என்றேன்.

சொல்லிக்கொண்டே ஸ்டாப்வாட்சைச் சட்டைப் பைக்குள் நழுவவிட்டேன். கடைக்குப் போனதும் முதல் வேலையாக அதன் காந்தத்தை இறக்க வேண்டும். ஸ்பீக்கர் காந்தத்தின் மேல் ஒரு பகல் முழுக்க வைத்திருந்து நான் ஏற்றியது. காந்தம் ஏறிய கடிகாரம் தலைதெறிக்க ஓடும். நாற்பத்தெட்டு விநாடியிலேயே இது ஒரு நிமிஷத்தை முடித்துவிடும். என் கடையிலிருந்து தப்பு நேரத்தோடு வெளியே போனது இது ஒன்றுதான்.

அவள் என் முன்னால் உள்ளங்கையை நீட்டினாள்.

ஸ்டாப்வாட்சை எடுத்து வைத்தேன்.

“இதச் சரி பண்ணிடாதீங்க. அடுத்த வாரம் இன்னொரு நர்சுக்குப் பரீட்சை. அவ வீட்டுக்காரர்கிட்ட கொடுக்கணும்.”

“உனக்கு எப்பத் தெரிஞ்சுது?”

“முதல் நாளே. உங்க நாடி எப்பவும் எழுபத்திரண்டு. இதுல எண்ணினா ஐம்பத்தெட்டு வருது. ஒண்ணு கடிகாரம் பொய் சொல்லணும், இல்ல அதைக் கையில வச்சிருக்கிற ஆளு.”

பிறகு என் மணிக்கட்டைப் பிடித்தாள். இந்த முறை சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினாள்.

எவ்வளவு என்று கேட்டேன்.

“அதெல்லாம் நோயாளிகிட்ட சொல்லக் கூடாது” என்றாள்.