ஆறு அங்குல வட்டம்

“இவனை யாராலயும் ஜெயிக்க முடியாதேப்பா! அப்புறம் எதிராளி எதுக்கு உட்கார்ந்து ஆடணும்? எழுந்து வீட்டுக்குப் போயிடலாமே!”

தராசக்கா அலுத்துக்கொண்டே அந்தத் துப்பாக்கிக்காரனை மேஜையில் நிறுத்தினாள். கட்டைவிரல் உயரப் பொம்மை. இடுப்பில் இரண்டு துப்பாக்கிகள், பாதி முகத்தை மறைக்கும் தொப்பி.

பொம்மைப் படைகளை அங்குலக் கணக்கில் நகர்த்தி, பகடை உருட்டி மோதவிடும் விளையாட்டு அது. ரசிகர்களே புது வீரர்களை உருவாக்கி, விவர அட்டை எழுதிக் கொண்டுவரும் போட்டிக்கு அவள்தான் நடுவர். எவனையும் நிறுத்துப் பார்க்காமல் உள்ளே விடமாட்டாள் என்பதால் விளையாட்டுக் கடைக்கு வருகிறவர்கள் வைத்த பெயர் தராசக்கா. தீர்ப்பு சொல்லும்வரை, எழுதியது யார் என்று யாரும் வாய் திறக்கக் கூடாது. அது அவளே போட்ட விதி. முகத்தைப் பார்த்தால் மார்க் போடும் கை தாராளமாகிவிடுமாம்.

கடையின் பின்னறையில் அவளுக்கு எதிரே ஒரு கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். அவன் முழுக்கைச் சட்டையை மணிக்கட்டுவரை பூட்டிக்கொண்டு, வியர்த்து வழிந்தபடி, தொட்டதற்கெல்லாம் சிரித்தான். அவள் கதவோரமாக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வாயே திறக்கவில்லை.

“ஏதாவது வழி இருக்கும்கா. உங்க கண்ணுக்குத் தப்பாது. அதனாலதான் உங்களைத் தேடி வந்தோம்,” என்றான் அவன்.

“வந்தது சரிப்பா. என் குதிரைப்படை மூணே சுற்றுல காலி. இவன் என்ன மனுஷனா, மந்திரவாதியா?”

அதுவரை அட்டையின் முன்பக்கத்து எண்களை வைத்துத்தான் ஆடியிருந்தாள். வீரனின் குணம் பின்பக்கத்தில் இருக்கும். திருப்பினாள். எறும்பு ஊர்வது மாதிரி பொடி எழுத்து.

‘இவன் வாசலருகே நிற்பான். ஆறு அங்குலத்துக்குள் இருப்பவர், இவன் சம்மதம் இல்லாமல் நகர முடியாது.’

‘வெளியாள் பக்கத்தில் இருந்தால் துப்பாக்கியை எடுக்க மாட்டான். வெளியாள் போனதும் இரண்டு முறை சுடுவான்.’

‘ஒருமுறை சுடப்பட்டவர், கதவு திறந்திருந்தாலும் ஓட மாட்டார்.’

கடைசியில் ‘இவனை வெல்லும் வழி’ என்று அச்சடித்த இடத்தில் பென்சிலால் எழுதியிருந்தது: ‘தெரியவில்லை. தயவுசெய்து சொல்லுங்கள். வீட்டுக்குத் திரும்புவதற்குள்.’

தராசக்கா அதை இரண்டாம் முறை படித்தாள். இது விளையாட்டு இல்லை. யாரோ உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு எழுதியிருக்கிறார்கள்.

மெல்ல நிமிர்ந்தாள். அந்தப் பெண்ணின் வலதுகை விரல் முட்டிகள் தோலுரிந்து வீங்கியிருந்தன. தராசக்கா பார்ப்பது தெரிந்ததும் அவள் கையை மறைத்துக்கொண்டாள்.

“நீ சொல்லும்மா,” தராசக்கா குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளப் பெரும்பாடு பட்டாள். “இவன் எதுக்காவது பயப்படுவானா?”

“அவளைக் கேக்காதீங்கக்கா!” கணவன் பாய்ந்து வந்து குறுக்கே விழுந்தான். சிரிப்பு பாதியில் நின்றுபோயிருந்தது. “எதுவா இருந்தாலும் என்கிட்ட கேளுங்க. அவளை விட்டுடுங்க.”

அடப்பாவி, பேசக்கூட விடமாட்டேன் என்கிறானே! இவர்களை இப்படியே அனுப்பினால் இன்று ராத்திரி அந்த வீட்டில் என்ன நடக்குமோ. தராசக்கா மேஜைக்கு அடியில் போனை வைத்து, முன்பக்கம் கல்லாவில் இருந்த தன் தம்பிக்கு எழுத்தெழுத்தாகத் தட்டினாள். ‘இப்ப ஒருத்தன் வருவான். உட்கார வை. வெளியே விடாதே. போலீஸைக் கூப்பிடு.’

“இங்க பாருங்க, ஒரு படிவம் நிரப்பணும். முன்னாடி கல்லாவுல என் தம்பி இருக்கான். ஒரு எட்டு போயிட்டு வந்துடுங்களேன்.”

“நானா? நான் மட்டுமா?”

“ஒரு ஆள் போதும்.”

அவன் மனைவியை ஒரு பார்வை பார்த்தான். அவள் லேசாகத் தலையசைத்த பிறகே எழுந்தான். கதவுவரை போனவன் திரும்பினான். முகத்தில் ஈயாடவில்லை.

“அக்கா, எல்லாத்தையும் படிச்சிட்டீங்களா?”

“ஒரு எழுத்து விடாம படிச்சிட்டேன்.”

“உங்களை ரெண்டு பேரையும் தனியா விட்டுட்டுப் போகணுமா?”

என்ன தைரியம் இவனுக்கு! தராசக்கா அவனை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினாள். சாவியை இரண்டு சுற்றுச் சுற்றினாள். அவன் கதவை உடைத்தால் என்ன செய்வது?

உடைக்கவில்லை. காலடிச் சத்தம் தயங்கித் தயங்கி முன்பக்கம் போனது. கொஞ்ச நேரத்தில் தம்பியின் அதட்டலும், “ஐயோ, நான் இல்ல சார், நான் இல்ல!” என்ற அவனது அலறலும் கேட்டன.

தராசக்காவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அந்தப் பெண்ணின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவளது வீங்கிய கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

“இனிமே பயப்படாதம்மா. அவனைப் பிடிச்சு வெச்சாச்சு. போலீஸ் வருது. யாரும் உள்ள வர முடியாது. அந்தத் துப்பாக்கிக்காரன் யாருன்னு எனக்கு நல்லா புரிஞ்சிடுச்சு. எவ்வளவு கஷ்டப்பட்டு இதை எழுதியிருப்ப!”

அவள் தராசக்காவின் முகத்தை நிதானமாகப் பார்த்தாள். பிறகு முதல்முறையாகச் சிரித்தாள்.

“நானா? எனக்கு இந்த ஆட்டத்துல ஒண்ணுமே தெரியாதுக்கா. எழுதறது, பெயின்ட் அடிக்கிறது எல்லாம் அவர்தான்.” கையை உருவிக்கொண்டு அட்டைக்காக நீட்டினாள். “குடுங்க, என்னைப் பத்தி அப்படி என்னதான் எழுதியிருக்கார்னு நானும் பாக்கறேன்.”