மாவுக்கட்டில் ஒரு குழி

12.8.1969, செவ்வாய். முனிகிருஷ்ணனின் மாவுக்கட்டில் நடுமுதுகு படும் இடத்தில் குழி விழுந்துவிட்டது. என் கைத்தவறாகத்தான் இருக்கும்.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போடும் லோகநாதன் மாலை வகுப்புக்குக் கிளம்புமுன் டைரியில் இப்படி எழுதி வைத்தான்.

பழவேற்காட்டு மீனவர் முனிகிருஷ்ணனுக்கு முதுகெலும்பில் காசநோய். கால்கள் இரண்டும் மரத்துப்போய், முதுகு கூனிவிட்டது. நோய் அரித்த எலும்பை டாக்டர் சுரண்டி எடுத்து, அங்கே விலா எலும்பில் ஒரு துண்டை வைத்து நிமிர்த்திவிட்டார். அது ஒட்டும்வரை, அவர் முதுகின் மேலேயே வார்த்தெடுத்த, தொட்டில் போன்ற மாவுக்கட்டுக்குள் மல்லாந்து கிடக்க வேண்டும்.

மறுநாள் லோகநாதன் அவரைக் குப்புறப் படுக்கவைத்துத் தடவிப் பார்த்தான். முதுகு பலகைபோல் இருந்தது. புதிதாக வார்த்தான். பழைய கூன் அளவுக்கு மறுபடியும் குழி.

"கூனுக்குப் போவ மனசில்ல தம்பி," என்று முனிகிருஷ்ணன் சிரித்தார். "வுட்டுத் தள்ளு. காலு கட்டைவெரலு ஆடுது பாரு."

ஆடியது. ஆனாலும் ஒட்டு நழுவிவிடுமோ என்று பயந்து, லோகநாதன் குழியில் பஞ்சை அடைத்தான். காலையில் விரல் ஆடவில்லை.

"நேத்து ஆட்னாரே! இன்னா பண்ண நைனா எங்க ஊட்டுக்காரர?" என்று அவர் மனைவி குப்பாயி அழுதாள்.

அவரைத் தூக்கிப் பஞ்சை எடுத்தான். விரல் ஆடியது. பஞ்சில், கூனிய முதுகெலும்பின் முடிச்சுகள் ஒவ்வொன்றாகப் பதிந்திருந்தன.

14.8.1969, வியாழன். அசதி. வகுப்புக்குப் போகவில்லை. தூக்கியதில் கட்டு விரிசல் விட்டுவிட்டது; நாளை காலை முனிகிருஷ்ணனுக்குப் புதுக்கட்டு. குழி விட்டே வார்க்க வேண்டும்.