கண்ணாடி அறை

"அந்தப் பொந்தை விட்டு வர மாட்டேன்னா என்ன அர்த்தம் மேடம்?"

எம்.டி. குரலை உயர்த்தியதும் கூட்டத்தில் இருந்த அத்தனை பேரும் ஹெச்.ஆர். மேடத்தைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"வர மாட்டேன்னு சொல்லலை சார். மீட்டிங்குக்கெல்லாம் வர்றேன். ரூம் மட்டும் கீழேயே இருக்கட்டும்."

புது மாடியில், எம்.டி. அறைக்குப் பக்கத்திலேயே, நாலு பக்கமும் கண்ணாடி போட்ட அறை. அதைத்தான் வேண்டாம் என்கிறார். வேறு யாருக்காவது கிடைத்திருந்தால் குடும்பத்தையே கூட்டி வந்து காட்டியிருப்பார்கள்.

"ஹெச்.ஆர்.னா இனிமே லீவும் அட்டெண்டன்ஸும் இல்லை மேடம். அடுத்து எந்தத் தொழில்ல இறங்கலாம், அதுக்கு நம்மகிட்ட ஆள் இருக்கா, யாரை வளர்த்து விடலாம், எல்லாத்தையும் நீங்களும் கூட உட்கார்ந்து முடிவு பண்ணணும். கூப்பிட்ட குரலுக்கு நீங்க பக்கத்துல இருக்க வேண்டாமா?"

கேட்கவே மேடத்துக்கு மனசு குளிர்ந்தது. இந்த நாற்காலிக்காக எத்தனை வருடக் காத்திருப்பு! அவருடைய பிரிவுக்கு 'பணியாளர் பிரிவு' என்று பெயர் இருந்த காலத்தில், இயக்குநர்கள் கூட்டத்துக்கு நடுவே கூப்பிட்டு விடுவார்கள். வாசலில் நின்றபடியே இன்று யார் யார் லீவு என்று ஒப்பித்துவிட்டுத் திரும்ப வேண்டும். "போறப்ப டீ சொல்லிட்டுப் போம்மா" என்பார்கள்.

"அப்புறம் என்ன தயக்கம்? காரணத்தைச் சொல்லுங்க."

"அதைச் சொல்ல முடியாது சார்."

கணக்குப் பிரிவுத் தலைவர் சும்மா இருப்பாரா? "கீழே புதையல் ஏதாவது இருக்கோ என்னவோ!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

எம்.டி. சிரிக்கவில்லை.

"நான் இங்க சாதாரண டிரெய்னியா சேர்ந்தவன். இந்த நாற்காலிக்கு வர்ற வரைக்கும் ஒரு நாள், ஒரே ஒரு நாள் கண் கலங்கியிருப்பேனா? காலம் மாறினா நாமளும் மாறணும். திங்கட்கிழமை நீங்க மேல இருக்கணும். இல்லேன்னா இந்தப் பதவிக்கு வெளியில இருந்து ஆள் எடுத்துக்கறேன்."

கண் கலங்காத இந்தக் கதையைப் புதிதாகச் சேருகிற எல்லோருக்கும் அவர் சொல்வார். மேடமும் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டுவார்.

டிரெய்னியாக இருந்தபோது அவரை மேடம் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார். அவரும் வாய் நிறைய 'அக்கா' என்பார். அவர் மேலே போகப் போக தம்பி 'சார்' ஆனார், அக்கா 'மேடம்' ஆனார். யார் முதலில் மாற்றியது என்று இருவருக்குமே நினைவில்லை.

சாயங்காலம் எம்.டி.யே கீழே இறங்கி வந்தார். பத்துப் பேர் முன்னால் அப்படிப் பேசியிருக்க வேண்டாமோ என்று அவருக்கே உறுத்தியது.

கீழ்த்தளத்துக்கு வந்து வெகு நாளாகிவிட்டது. அதே பச்சைச் சுவர், அதே கடகட மின்விசிறி. டைப்ரைட்டர் சத்தம் மட்டும்தான் இல்லை. சட்டென்று வயது குறைந்தது போல் இருந்தது. எத்தனை நாள் இந்த வராந்தாவில் அரட்டை அடித்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டார்.

அவர் மேடத்தின் அறையை நெருங்கும்போதே, பேக்கிங் பிரிவுப் பெண் ஒருத்தி உதட்டைக் கடித்தபடி விறுவிறுவென்று உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது.

வாசல் பெஞ்சில் காத்திருந்தவர்கள் பதறி எழுந்தார்கள். "உட்காருங்க, உட்காருங்க" என்று அவரும் அவர்களோடு உட்கார்ந்தார்.

"அந்தப் பொண்ணுக்கு என்ன?"

"சூப்பர்வைசர் எல்லார் முன்னாடியும் கண்டபடி திட்டிட்டாரு சார்."

கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. மேடம் மட்டும் நின்றார். "அடடே, வாங்க சார்."

உள்ளே போனார். அறையில் வேறு யாரும் இல்லை.

"இப்ப ஒரு பொண்ணு வந்துச்சே, எங்க?"

ஜன்னல் திரையின் இடுக்கில் வராந்தா தெரிந்தது. கேன்டீன் பக்கமிருந்து அந்தப் பெண் கையில் டீயோடு வந்துகொண்டிருந்தாள். முகம் பளிச்சென்று இருந்தது. பெஞ்சில் இருந்தவர்கள் ஒன்றுமே தெரியாதவர்கள் போல நகர்ந்து அவளுக்கு வழி விட்டார்கள்.

எம்.டி. மெல்லத் திரும்பி, பீரோவுக்குப் பின்னால் பார்த்தார். ஒடுக்கமான ஒரு கதவு. திறந்தார். ஒரு குழாய், ஆணியில் தொங்கும் சின்ன முகம் பார்க்கும் கண்ணாடி, மடித்து வைத்த துண்டு. அங்கிருந்து கேன்டீனுக்கு ஒரு சந்து.

டிரெய்னியாக இருந்த காலத்து ஒரு நாள் நினைவுக்கு வந்தது.

அவர் செய்த வேலையை அப்போதைய மேலாளர் எல்லோர் எதிரிலும் தூக்கி எறிந்த நாள் அது. வேலையே வேண்டாம் என்று சொல்ல இந்த அறைக்குத்தான் வந்தார். சொல்ல முடியாமல் குலுங்கிக் குலுங்கி அழுதார். அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை, அழ விட்டார். பிறகு இந்தக் கதவைத் திறந்தார். "முகத்தைக் கழுவிக்கிட்டு கேன்டீன் வழியா சுத்திப் போ தம்பி. டீ குடிக்கப் போனேன்னு நினைச்சுக்குவாங்க."

இதை எப்படி மறந்தோம்? அவருக்கு வெட்கமாக இருந்தது.

"மேல அந்தக் கண்ணாடி ரூம்ல ஒருத்தர் அழுதா ஆபீஸே பார்க்கும் சார்" என்றார் மேடம் தணிந்த குரலில். "அப்புறம் யாரும் என்கிட்ட வர மாட்டாங்க. யாருக்கு என்ன கஷ்டம்னு தெரியாம, மேல உட்கார்ந்து நான் எதை முடிவு பண்றது?"

"நாற்காலி மேலயே இருக்கும்... உங்களுக்குத்தான். ரூம் இங்கயே..." கண் கலங்கியது. "இங்கயே இருக்கட்டும்க்கா."

முகத்தைத் திருப்பிக்கொண்டு, வந்த வழியே வெளியே போகக் கிளம்பினார்.

மேடம் ஓடிப்போய் வாசல் கதவைச் சாத்தினார். துண்டை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"இந்தப் பக்கமா, தம்பி."