சமையல்கட்டுப் பூட்டு

திண்டுக்கல்லில் பிரியாணிக் கடை வைத்திருந்த அப்துல் ஹாதியின் வீட்டில் சமையல்கட்டு பதினைந்து வருஷமாகச் சமைக்கும் நேரம் தவிரப் பூட்டியே கிடந்தது. மகள் ஷமீமாவுக்கு எவ்வளவு தின்றாலும் பசி அடங்காது. ஊறவைத்த அரிசியைக்கூட அள்ளி விழுங்குவாள். "கடைக்காரர் வீட்டுலயே பட்டினியா?" என்று தெருவே சிரித்தது. ஒருநாள் பூட்டை உடைக்கப் பார்த்தவளின் கையில் தாய் காதர் பீவி கரண்டியால் ஓங்கி அடித்தாள். அந்த வாரமே காய்ச்சல் கண்டு ஷமீமா இறந்துபோனாள்.

நாற்பதாம் நாள் ஓதி முடித்த பிறகு, எப்போதோ ஷமீமா பரிசோதனைக்குக் கொடுத்திருந்த ரத்தத்துக்கு முடிவு வந்தது. அது 2009.

"உடம்புக்குள்ள குட்டி ஆர்.என்.ஏ.ன்னு ஒண்ணு இருக்கும்மா. அது புரதம் எதுவும் செய்யாது. மத்த ஆர்.என்.ஏ.வுல எங்க அடையாளம் வைக்கணும்னு வழிகாட்டும், அம்புட்டுதான். அதுல ஒரு வகை உங்க மகளுக்குப் பிறவியிலயே இல்ல. வயிறு நிறைஞ்சது அவளுக்குத் தெரியாததுக்கு அதுதான் காரணம்னு இப்ப சொல்றாங்க," என்று காதர் பீவியிடம் சொன்னார் டாக்டர்.

"அப்ப அவ வேணும்னு திருடலையா?"

"இல்லம்மா."

வீட்டுக்கு வந்தவள் வாசல் கதவை உள்ளே தாழிட்டாள். வீட்டில் வேறு யாரும் இல்லை. சமையல்கட்டைத் திறந்து, மகளின் தட்டில் சோறும் தாளிச்சாவும் குவித்து வைத்துவிட்டு, அடுத்த அறையில் நண்பகல் லுஹர் தொழுதாள்.

திரும்பி வந்தபோது தட்டில் பாதிச் சோறு மிச்சம் இருந்தது. அதன்மேல் தண்ணீர் ஊற்றிக் கை கழுவியிருந்தது.

காதர் பீவி தட்டுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"இன்னுங் கொஞ்சம் போடவாம்மா?" என்று கேட்டாள்.